ஊசிமுனை அளவு துளை, உள்ளே விரல் முழுக்க கிரீஸ்: உயர் அழுத்தப் பீச்சல் காயங்களைப் புரிந்துகொள்வது

கிரீஸ் கன்னின் முனையைக் கையால் துடைக்கும்போது, ஹைட்ராலிக் ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கும்போது, பெயின்ட் ஸ்ப்ரே கன்னில் அடைப்பை எடுக்கும்போது சுருக்கென்று ஏதோ குத்தின மாதிரி இருக்கும். பார்த்தால் விரல் நுனியில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூடப் பெரிதாக வராது. வலியும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருக்கும். துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். ராத்திரி விரல் வீங்கித் துடித்து, தூக்கம் வராமல் புரளும்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அதற்குள் அந்த விரலைக் காப்பாற்றச் சாதகமாக இருந்த மணிநேரங்கள் போய்விட்டிருக்கும்.

அதிக அழுத்தத்தில் பீச்சியடிக்கும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடுவதுதான் இந்தப் பீச்சல் காயம். கையில் வரும் அவசரங்களில் இவ்வளவு சாதாரணமாகத் தோற்றமளித்து இவ்வளவு பெரிய சேதம் செய்வது வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். அடிபட்டவர் மட்டும் ஏமாறுவதில்லை. அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டரும் ஏமாறுகிறார். ஒரு டெட்டனஸ் ஊசி, நாலு மாத்திரை, ஒரு பிளாஸ்திரி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிடுகிறார். இது அரிதான காயம் என்பதும் ஒரு காரணம்: கையில் அடிபட்டு வருகிறவர்களில் ஏறக்குறைய 600 பேருக்கு ஒருவர் இப்படி வருவதாக மருத்துவ நூல்களில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் வேலை பார்த்தும் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார், சிலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை வேலை செய்கிறவர், அவருடைய மேஸ்திரி, முதலுதவி செய்பவர், டாக்டர் என்று எல்லோருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன். காயத்தின் அளவைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, எந்தக் கருவி, எந்தத் திரவம், எத்தனை மணிக்கு என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் அழுத்தம். தோலைத் துளைத்து உள்ளே போக ஒரு திரவத் தாரைக்கு 100 பிஎஸ்ஐ இருந்தாலே போதும், அதாவது சுமார் 7 பார். கார் டயரில் இருக்கும் காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ. இப்போது வேலையிடத்துக் கருவிகளைப் பாருங்கள். காற்றில்லாமல் பெயின்டை நேரடியாக அழுத்தித் தெளிக்கும் ஏர்லெஸ் ஸ்ப்ரே கன் 3,000 பிஎஸ்ஐ அளவில் வேலை செய்கிறது, சில அதையும் தாண்டும். ஹைட்ராலிக் லைன்கள் 2,000 முதல் 5,000 வரை. கிரீஸ் கன் 5,000 முதல் 10,000 வரை போகும், கையால் அடிக்கிற கன்னும் இதில் சளைத்ததில்லை. எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் எரிபொருள் 2,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கிறது, பிஎஸ்ஐயில் சொன்னால் 30,000 அளவு. தோல் தாங்குவது 100, வருவது ஆயிரக்கணக்கில். கையுறை போட்டிருந்தால் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம், சாதாரண வேலைக் கையுறையைத் தாரை அப்படியே துளைத்துவிடும். விரல் நாசிலைத் தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை, சற்றுத் தள்ளி இருந்தாலும் துளைக்கும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. டீசல் இன்ஜினிலிருந்து அதிக அழுத்தத்தில் வந்த எரிபொருள் உடம்புக்குள் புகுந்ததைப் பற்றி ரீஸ் என்ற மருத்துவர் 1937லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளைப் படித்தால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது: வலது கைக்காரர், இடது கை ஆட்காட்டி விரல். வலது கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் நாசிலைத் துடைப்பதும் தடவுவதும்தானே வழக்கம். அடுத்தபடியாக நடுவிரல், கட்டைவிரல், உள்ளங்கை. அடிபடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உடல் உழைப்பில் இருக்கும் ஆண்கள், பிழைப்புக்கு அந்தக் கையைத்தான் நம்பியிருப்பவர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். விரலை மடக்குகிற தசைநாண் ஒரு குழாய் போன்ற உறைக்குள் ஓடுகிறது, சைக்கிள் பிரேக் ஒயர் அதன் உறைக்குள் ஓடுவது மாதிரி. அந்த உறை எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. எலும்பின் நடுப்பகுதிக்கு மேலே அழுத்தமான வளையங்கள் இருக்கின்றன, மூட்டு மடியும் கோடுகளுக்கு நேரே உறை மெலிந்திருக்கிறது. தாரை மடிப்புக் கோட்டில் பட்டால் மெல்லிய உறையைக் கிழித்து உள்ளே புகுந்து, தசைநாணோடு சேர்ந்தே உள்ளங்கை வரை ஓடிவிடும். கனமான வளையத்தின் மேல் பட்டால் அதை உடைக்க முடியாமல் இரண்டு பக்கமும் சிதறி, விரலின் ஓரங்களில் இருக்கும் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் சுற்றிப் பரவும். எப்படிப் போனாலும் கேடுதான். ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களின் உறை பொதுவாக உள்ளங்கையின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அப்படி இல்லை, அவற்றின் உறைகள் மணிக்கட்டைத் தாண்டி முன்கை வரை தொடர்புள்ளவை. ஆகவே கட்டைவிரல் நுனியில் ஒரு புள்ளி இருக்கும், பெயின்ட் முன்கையில் இருக்கும். இதை நம்ப முடியாமல்தான் பலரும் விரலை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

விரல் என்பது இறுக்கமான ஒரு சின்ன இடம். ஒன்றிரண்டு மில்லி திரவம் திடீரென்று உள்ளே திணிக்கப்பட்டாலே அங்கே இடம் இல்லை. உள்ளழுத்தம் ஏறி, ரத்தக்குழாய்கள் நசுங்கி, விரலுக்கு ரத்தம் போவது குறைகிறது. இது முதல் அடி. இரண்டாவது அடி ரசாயனம். தின்னர், பெட்ரோல், டீசல், டர்பென்டைன் இவையெல்லாம் கொழுப்பைக் கரைப்பவை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அதைக் கரைத்தால் திசு செத்துப்போகும், உடனே கடுமையான அழற்சி கிளம்பும், வீக்கம் மேலும் கூடும், வீக்கத்தால் ரத்த ஓட்டம் மேலும் குறையும். மூன்றாவதாக, செத்த திசுவில் கிருமிகள் வளர்வது. ஆனால் இந்தக் காயத்தில் விரலைக் கொல்வது முதலில் கிருமி இல்லை. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஏன் பலனளிக்காது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கிரீஸ் கொஞ்சம் வேறு மாதிரி. தின்னர் அளவுக்கு உடனடியாகத் திசுவை எரிப்பதில்லை, ஆனால் உடம்பால் அதைக் கரைத்து வெளியேற்றவும் முடியாது. உள்ளேயே தங்கி, சுற்றிலும் கட்டிகளும் தழும்பும் உருவாகி, மாதங்கள் வருஷங்கள் கழித்துக்கூட தோலில் ஓட்டை விழுந்து ஒழுகிக்கொண்டே இருக்கும், விரல் மடங்காமல் விறைத்துப்போகும். பெயின்டில் இரண்டும் இருக்கிறது, கரைப்பானும் உண்டு, தங்கிவிடுகிற நிறமிகளும் உண்டு. எண்ணெயில் கலந்த பெயின்ட் தண்ணீரில் கலந்ததைவிட மோசமானது. வெறும் தண்ணீரும் காற்றும்தான் இந்தக் கூட்டத்தில் ஓரளவு தேவலாம், அவை உள்ளே போனவர்களில் சிலரை அறுவை இல்லாமல் கண்காணிப்பில் வைத்தே தேற்ற முடிகிறது. அதற்காக வீட்டில் உட்கார்ந்து கண்காணிக்கலாம் என்று அர்த்தமில்லை, தண்ணீரோடு அழுக்கும் சோப்பும் கிருமியும் சேர்ந்து போயிருக்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியது கையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோழிக்கும் ஆடுமாட்டுக்கும் போடுகிற சில தடுப்பூசிகள் கனிம எண்ணெயில் கலந்தவை. ஊசி போடுகிறவர் தவறித் தன் விரலிலேயே குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிற விஷயம். அதில் அழுத்தம் குறைவுதான், ஆனால் எண்ணெய் உறைக்குள் போய்விட்டால் வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் இதே பாதையில்தான் போகும், விரலை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மருந்துகளின் தாளிலேயே இதை எச்சரித்து, மருந்துத் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

அடையாளம் காண்பது பற்றி. அடிபட்ட முதல் ஓரிரு மணிநேரத்தில் பார்த்தால் ஒரு புள்ளி, லேசான வீக்கம், கொஞ்சம் மரத்துப்போன உணர்வு, சில சமயம் புள்ளியிலிருந்து பெயின்டோ எண்ணெயோ கசிவது. எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பிறகு விரல் இறுகும், பளபளவென்று வீங்கும், நிறம் வெளுக்கும் அல்லது நீலம் பாயும், தொட்டால் சில்லென்று இருக்கும், மெல்ல நீட்டி விட்டாலே உயிர் போகிற வலி வரும். மரத்துப்போவதை நல்ல அறிகுறி என்று தவறாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வலி இல்லை, மரத்துதான் இருக்கிறது, சரியாகிவிடும் என்பார்கள். நரம்புக்கு ரத்தம் போகவில்லை, அல்லது நரம்பைச் சுற்றி அழுத்தம் ஏறிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். வெளுத்து, குளிர்ந்து, மரத்த விரல் என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே டாக்டருக்கோ முதலுதவி செய்பவருக்கோ நான் வேண்டிக் கேட்பது, புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள். கையில் என்ன பிடித்திருந்தார், அதன் அழுத்தம் எவ்வளவு, உள்ளே இருந்தது என்ன, எத்தனை மணிக்கு நடந்தது, எந்தக் கை பழக்கமான கை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். கடைசிக் கேள்வி ஏன் என்றால், மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்று அந்த நிமிஷத்திலிருந்தே நினைக்க வேண்டும். அடிபட்டவரும் வெட்கப்படாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு விதியை மீறிவிட்டோமே, முதலாளி திட்டுவாரே என்று ஏதோ ஆணி குத்திவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. பாவம், அந்த ஒரு பொய்யால் டாக்டரின் கவனம் முழுவதும் வேறு பக்கம் போய்விடும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. ஈயம் கலந்த பெயின்ட் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அப்போது நன்றாகக் காட்டும். கிரீஸ் சில சமயம் கருமையான பகுதியாகத் தெரியும், உள்ளே காற்று புகுந்திருந்தால் அதுவும் தெரியும். மற்றபடி பல திரவங்கள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று அனுப்புவதுதான் இந்தக் காயத்தில் நடக்கிற மிகப் பெரிய தவறுகளில் ஒன்று.

உடனே செய்ய வேண்டியது அதிகம் இல்லை, செய்யக் கூடாததுதான் அதிகம். மோதிரம், கடிகாரம், வளையம் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். புள்ளியைச் சோப்புத் தண்ணீரில் மேலோட்டமாகக் கழுவி, சுத்தமான துணியால் லேசாக மூடி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பிழிந்து வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே போனது இன்னும் ஆழமாகத்தான் போகும். ஐஸ் வைக்காதீர்கள், வீக்கத்துக்கு ஐஸ் நல்லது என்பது மற்ற அடிகளுக்கு, இங்கே ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த ஓட்டத்தை அது மேலும் சுருக்கும். தின்னர் ஊற்றிக் கழுவாதீர்கள். வழியில் டீ, டிபன் எதுவும் வேண்டாம், வயிறு காலியாக இருக்கட்டும். கேனையோ டப்பாவையோ, முடியாவிட்டால் அதன் லேபிளைப் போட்டோ பிடித்தோ, கையோடு கொண்டுபோங்கள், திரவத்தின் பாதுகாப்பு விவரத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் இருக்கிற சின்ன கிளினிக்கில் காட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பதைவிட, கை அறுவை செய்யத் தெரிந்த எலும்பு மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது மேல். போகும்போதே போன் செய்து சொல்லிவிட்டால் அங்கே தயாராக இருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி, நரம்பு வழியாகப் பலவகைக் கிருமிகளுக்கும் எதிரான ஆன்டிபயாடிக், நல்ல வலி நிவாரணி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: விரலின் அடியில் மரக்க ஊசி போடுவது. சாதாரண விரல் காயத்துக்கு அதுதான் முதல் வேலை, பழக்க தோஷத்தில் கை அங்கேதான் போகும். இங்கே அது கூடாது. ஏற்கெனவே இறுகிப்போன விரலுக்குள் இன்னும் சில மில்லி மருந்தை ஏற்றினால் அழுத்தம் கூடி, கொஞ்சநஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தமும் நின்றுபோகும். அறுவைக்கு முழு மயக்கமோ, விரலிலிருந்து தள்ளி மேல்கையில் கொடுக்கும் மரப்போ போதும். அறுவை அறையிலும் அதே கவனம் வேண்டும். ரத்தக்கசிவைத் தடுக்கக் கையில் டூர்னிக்கெட் கட்டுவார்கள், வழக்கமாக அதற்கு முன்னால் ரப்பர் பட்டையை நுனியிலிருந்து இறுக்கிச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளுவார்கள். இந்தக் காயத்தில் அப்படிச் செய்தால் பெயின்டும் சேர்ந்து மேலே போகும், அதனால் கையைத் தூக்கிப் பிடித்து ரத்தத்தை வடிய விட்டுவிட்டுக் கட்டுவதுதான் முறை.

அறுவையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் திகைத்துப்போவார்கள். ஒரு புள்ளிக்காக விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரை, தேவைப்பட்டால் மணிக்கட்டையும் தாண்டி வெட்டியிருப்பார்கள். விரலின் ஓரமாகவோ, உள்பக்கம் வளைந்து வளைந்து போகும் கோடாகவோ திறப்பார்கள். நேர்கோட்டில் வெட்டினால் தழும்பு சுருங்கி விரலை மடக்கிப் பிடித்துவிடும் என்பதால் இப்படி. திரவம் போன எல்லை வரை போய், அதையும் செத்த திசுவையும் எடுத்து, தசைநாண் உறையைத் திறந்து, நிறைய உப்புநீரால் கழுவி, ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் ஜாக்கிரதையாகக் காப்பாற்ற வேண்டும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தால் அது ஓடுகிற சுரங்கம் போன்ற குறுகிய பாதையையும் திறந்துவிட வேண்டும். பிறகு தைக்காமல் திறந்தே விட்டு, ஒன்றிரண்டு நாளில் மறுபடி உள்ளே பார்ப்பார்கள். முதல் நாள் உயிரோடு இருப்பதாகத் தெரிந்த திசு மறுநாள் செத்திருக்கும், ஆகவே இரண்டு மூன்று முறை அறுவை அறைக்குப் போவது இதில் சகஜம். சுத்தமான பிறகு தையலோ, தோல் ஒட்டோ, பக்கத்துத் தசையையும் தோலையும் நகர்த்தி மூடுவதோ. இதையெல்லாம் முன்கூட்டியே குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டால், முதல் அறுவையிலேயே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து இடையில் வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், அதில் போகிற நேரம் திரும்பி வராது.

ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று ஒரு நீண்ட விவாதம் உண்டு. அழற்சியைக் குறைக்கும் என்ற எண்ணத்தில் சிலர் கொடுத்துவந்தார்கள். கை, முன்கையில் இப்படி அடிபட்ட 435 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006இல் வந்தது. ஸ்டீராய்டு கொடுத்ததால் விரல் எடுப்பது குறையவில்லை என்பது அதில் ஒரு முடிவு. மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு உறுப்பை எடுக்க நேர்ந்திருக்கிறது. பெயின்ட், தின்னர், பெட்ரோல், எரிபொருள் போன்ற கரைப்பான் வகைகளில் அது இன்னும் மிக அதிகம், அந்த வகைகளில் 6 மணிநேரத்துக்குள் விரிவாகத் திறந்து சுத்தம் செய்தவர்களுக்கு விரல் தப்பும் வாய்ப்பு கூடியிருந்தது. இந்த 6 மணிநேரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது அவகாசம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணிநேரம், அங்கே பெரிய டாக்டர் வர ஒரு மணிநேரம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அறுவை அறை காலியாவது என்று கணக்குப் போட்டால் அந்த 6 மணிநேரம் நடந்த நொடியிலேயே பாதி செலவாகிவிட்டது. தாமதமாகிவிட்டால் போக வேண்டாம் என்றும் இல்லை, மறுநாள் போனாலும் உள்ளங்கைக்குப் பரவாமல் தடுக்கவும் மற்ற விரல்களைக் காப்பாற்றவும் முடியும்.

சில சமயம் முதல் அறுவையிலேயே விரலை எடுத்துவிடுவதுதான் சரியான சிகிச்சையாக இருக்கும். தின்னர் ஏறி, வெளுத்துக் குளிர்ந்து பல மணிநேரம் ஆன விரலை எப்படியாவது வைத்துக்கொள்ளப் பார்த்து, ஏழெட்டு அறுவைக்குப் பிறகு விறைத்த, உணர்வில்லாத, எதிலும் இடிக்கிற ஒரு விரலோடு வேலைக்குப் போக முடியாமல் தவிப்பதைவிட, சீக்கிரம் ஆறி நன்றாகப் பிடிக்கிற மூன்று விரலும் கட்டைவிரலும் பலருக்கு உபயோகமானவை. இது கேட்கக் கஷ்டமான பேச்சுதான். ஆனால் நோயாளியோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய பேச்சு, கடைசி நேரத்தில் கையெழுத்துக்காக நீட்டுகிற தாளாக இருக்கக் கூடாது.

விரல் தப்பினவர்களுக்கும் பழைய கை அப்படியே திரும்புவது அபூர்வம். குளிர் பட்டால் வலி, தொட்டால் கூசுவது, பிடியில் பலம் குறைவது, முழுக்க மடக்க முடியாமல் போவது எல்லாம் நீண்ட நாள் இருக்கலாம். அறுவை முடிந்து டாக்டர் அனுமதித்த உடனே கைப் பிசியோதெரபி ஆரம்பிப்பது முக்கியம், வலிக்கிறதே என்று விரலை அசைக்காமல் வைத்திருந்தால் தசைநாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு.

தடுப்பது பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டையோ மரத்துண்டையோ லைனுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், ஈரம் பட்ட இடத்தில் கசிவு இருக்கிறது. ஸ்ப்ரே கன்னின் நுனிக் காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள், அடைப்பெடுக்கும் முன் பம்பை நிறுத்தி, டிரிகரை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றி, டிரிகர் லாக்கைப் போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டோம், மோட்டாரை நிறுத்திவிட்டோம் என்பதால் லைனில் அழுத்தம் இல்லை என்று ஆகாது. அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் உள்ள ஹைட்ராலிக் அமைப்புகளிலும் காமன் ரெயிலிலும் நிறுத்தின பிறகும் அழுத்தம் தங்கியிருக்கும், அதை முறைப்படி வடிக்கும் வரை எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. உப்பின ஹோஸையும் தேய்ந்த கப்ளிங்கையும் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று விடாதீர்கள். வேலையிடத்தின் முதலுதவிப் பெட்டியில், பீச்சல் காயம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்த போன் நம்பர், என்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கட்டும். ராத்திரி ஷிப்டில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.